இண்டக்‌ஷன் அடுப்பு, நாலு வருஷம்: எல்லாம் இருக்கு, சிம் மட்டும் இல்ல

போன வாரம் மச்சான் போன் பண்ணி "நீதான் நாலு வருஷமா வச்சிருக்கியே, இண்டக்‌ஷன் வாங்கலாமா வேணாமா, ஒரே வார்த்தைல சொல்லு"ன்னான். கேட்ட நேரம் சரியில்ல, அன்னைக்குதான் 850 ரூவா தண்டம் அழுது அடுப்ப ரிப்பேர் கடைல இருந்து தூக்கிட்டு வந்திருந்தேன். ஒரே வார்த்தைல முடியாதுடா, படிச்சுக்கோ.

டீக்கு வச்ச தண்ணி டம்ளர் கழுவிட்டு திரும்பறதுக்குள்ள கொதிக்குது, இதுல குறையே சொல்ல முடியாது. ஏன்னா இங்க சூடாகறது அடுப்பு இல்ல, பாத்திரம். கண்ணாடிக்கு கீழ செம்புக்கம்பி சுருள் இருக்கு, அதுல ஓடற கரண்ட் செகண்டுக்கு 20,000 தடவைக்கு மேல முன்னும் பின்னும் போய்ட்டு வருது, அந்த காந்தப்புலம் பாத்திரத்தோட அடிலயும் கரண்ட சுத்த விடுது, இரும்பு அத லேசுல போக விடாது, அந்த மல்லுக்கட்டுதான் சூடு. ஒரு லிட்டர் தண்ணி 30 டிகிரில இருந்து 100 போக கணக்குப்படி 0.08 யூனிட், வீணாப்போறதையும் சேத்து 0.1 யூனிட்னு வை. கேஸ்ல நிறைய சூடு பாத்திரத்த சுத்திட்டு நம்ம மூஞ்சிக்குத்தான் வருது.

அலுமினிய குக்கர், செம்பு அடி எல்லாம் இதுல வேலைக்கு ஆகாது. ஆனா எவர்சில்வர்லயும் பாதி ஆகாதுன்னு எனக்கு அப்போ தெரியாது, நிக்கல் நிறைய சேத்த எவர்சில்வர்ல காந்தம் ஒட்டாதாம். ரெண்டு பாத்திரம் வாங்கி ஏமாந்தப்புறம் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருந்த பழனி முருகன் காந்தத்த எடுத்துட்டுப் போய் பாத்திரக்கடைல ஒவ்வொண்ணுக்கும் அடில வச்சுப் பாத்தேன், கடைக்காரர் நான் வேண்டுதல் ஏதோ பண்றேன்னு நெனச்சிருப்பாரு.

இப்ப கடுப்புக்கு வரேன். சிம் கிடையாது. டிஸ்ப்ளேல 200 வாட்னு காட்டும், நம்பாத. கொஞ்ச செகண்ட் முழு மூச்சா எரிக்கும், அப்புறம் அதவிட பல மடங்கு நேரம் செத்த மாதிரி கிடக்கும், திரும்பவும் எரிக்கும், சராசரி பாத்தா 200 வாட். பால் அப்படியே பொங்கி விளிம்பு வரைக்கும் வந்து நிக்கும், இறங்கும், மறுபடி வரும், பக்கத்துல நின்னு கரண்டியோட காவல் காக்கணும். பாயாசம் வச்ச அன்னைக்கு அடிப்பிடிச்சு மொத்த வீடும் மணந்துச்சு. இதுக்கும் காரணம் கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன்: இந்த விலைல வர்ற அடுப்புல கரண்ட தட்டி தட்டி விட ஐஜிபிடிங்கிற எலக்ட்ரானிக் சுவிட்ச் ஒண்ணே ஒண்ணுதான், அத கொஞ்சமா ஓட்டுன்னா ஒவ்வொரு தட்டலுக்கும் வோல்டேஜ் சைபருக்கு இறங்காம அதுவே சூடாகும். அதனால ஓடு, நில்லு, ஓடு. காரணம் புரிஞ்சுது, பாயாசம் திரும்பி வரல.

தோசையும் அப்படித்தான். சுருள் ஒரு சாண் அகலம், கல்லு அதவிட பெருசு, நடுவுல வளையமா கருகும், ஓரம் வெள்ளையா மாவு மாதிரி இருக்கும். மெதுவா காயவிட்டு ஊத்தினா பரவாயில்ல, ஆனா காலைல யாருக்கு நேரம்.

ரிப்பேரு? போர்டுல கரப்பான். "உள்ள கதகதப்பா இருக்குல்ல சார், குடும்பத்தோட வந்துரும்"னாரு மெக்கானிக், அது குறுக்க விழுந்து ஷார்ட்டாகி ஃபியூஸும் ஐஜிபிடியும் சேந்து போச்சு. கூடவே ஒரு திட்டு, அடுப்ப ஆஃப் பண்ணினதும் சுவர் சுவிட்சையும் அமுக்காதீங்க, ஃபேன் தானா நிக்கட்டும், சூட்ட வெளிய தள்ளட்டும்னு. நாலு வருஷமா கரண்ட மிச்சம் பண்றேன்னு அதத்தான் செஞ்சுட்டு இருந்தேன். சோ பாதி தப்பு என்னோடதும்தான், ஆனா இத மேனுவல்ல கண்ணுல படற மாதிரி போட்டா என்ன குறைஞ்சுரும்?

மச்சான், வாங்காத. நாளைக்கு காலைல டீ போட்டதும் கேட்டா வாங்குன்னுதான் சொல்வேன், அதனால இப்பவே கேட்டுக்கோ.