1943: கோரஸ் பதிவா, பழைய தட்டின் மறுவெளியீடா?

அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் 1942 ஆகஸ்ட் 1 முதல் ஒலிப்பதிவைப் புறக்கணித்தது. வாத்தியம் வாசிப்பவர்களுக்குத்தான் தடை, பாடகர்களை அது கட்டுப்படுத்தவில்லை. தடையின்போதும் பாட்டு வெளியிட, இசைத்தட்டு நிறுவனமான கொலம்பியா இரண்டு வழிகளையும் பார்த்தது.

ஒன்று, ஆர்க்கெஸ்ட்ரா இடத்தில் கோரஸ். 1943 ஜூனில் பாபி டக்கர் குழுவோடு பாடகர் ஃபிராங்க் சினாட்ரா பாடியது இப்படித்தான். வயலின் பிடிக்கும் நீள சுரங்களுக்கு 'ஊ' என்று ஹம்மிங்; அடிச்சுரம் பாஸ் குரல்களுக்கு. எல்லாரும் ஒரே இடத்தில் மூச்செடுத்தால் ஓட்டை கேட்கும், ஆளாளுக்கு மாற்றி எடுக்கவேண்டும். கூடவே பியானோ இல்லாததால் குழு மொத்தமாகச் சுருதி இறங்கினாலும் உறைக்காது. பதிவு தட்டில், ஒட்டுப்போட முடியாது, பிசகினால் மூன்று நிமிடமும் மறுபடி பாடவேண்டும். டிரம்ஸ் இல்லாமல் துள்ளல் பாட்டு நொண்டும். மெதுவான காதல் பாட்டுக்குத்தான் இது சரிவரும்.

மறுவெளியீட்டில் இந்தத் தலைவலி கிடையாது. 1939இல் ஹாரி ஜேம்ஸ் குழுவோடு சினாட்ரா பாடி அன்று விலைபோகாத 'ஆல் ஆர் நத்திங் அட் ஆல்', 1943இல் மறுபடி வந்து சக்கைப்போடு போட்டது. காதுக்கு இதுவே மேல்.

ஆனால் புதுப் படப்பாட்டு பழைய இருப்பில் எப்படி இருக்கும்? 'யூல் நெவர் நோ'வுக்குக் குரல்களே கதி. போட்டி நிறுவனமான டெக்காவில் டிக் ஹேம்ஸும் சாங் ஸ்பின்னர்ஸ் குழுவும் பாடியது முதலிடம் பிடித்தது. அதே டெக்கா 1943 செப்டம்பரிலேயே சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. கொலம்பியா 1944 நவம்பர்வரை இழுத்தது.