29.65 பவுண்டுக்கு என்ன கிடைக்கிறது? பழைய புல்லட்டுக்கு எம்.ஓ.டி. சோதனை

இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் மூன்று ஆண்டைக் கடந்த மோட்டார் சைக்கிள் பொதுவாக ஆண்டுதோறும் எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். பக்கவண்டி இணைக்காத வண்டிக்குச் சோதனை நிலையம் வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 29.65 பவுண்டு, குறைத்து வாங்கலாம், கூட்டி வாங்க முடியாது. என்னிடம் இருப்பது சென்னை திருவொற்றியூரில் தயாராகி 2010இல் இங்கே பதிவான ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 500. அதை ஆண்டுதோறும் இந்தச் சோதனைக்குக் கொண்டுசெல்பவன் என்ற முறையில், இந்தச் சேவை கொடுக்கும் பணத்துக்கு ஈடானதா என்பதை மட்டும் இங்கே பார்க்கிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடலாம். இது சர்வீஸ் அன்று. இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை எம்.ஓ.டி. பார்ப்பதே இல்லை. கார்களைப் போல மோட்டார் சைக்கிளுக்குப் புகைச் சோதனையும் கிடையாது. விளக்குகள், ஹாரன், ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சக்கரங்கள், டயர், பிரேக், செயின், சைலன்சர், சேஸி, நம்பர் பிளேட் ஆகியவைதாம் சோதகரின் பட்டியலில் உள்ளவை. இவற்றில் பெரும்பாலானவற்றை வீட்டு வாசலிலேயே நாம் பார்த்துவிட முடியும் என்பதால், முன்தயாரிப்போடு போகிறவருக்கு இந்தக் கட்டணம் மலிவு. அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறவருக்கு, தோல்விச் சீட்டும் பழுதுச் செலவும் சேர்ந்து அது பல மடங்காகிவிடும்.

குளிர்காலத்தில் பனி உறையாதிருக்கச் சாலையில் தூவும் உப்பு பழைய வண்டியை முதலில் தாக்கும் இடங்களுள் ஒன்று பிரேக் விளக்கின் சுவிட்ச். 1986 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த வண்டிகளில் கை லீவரைப் பிடித்தாலும் கால் பெடலை மிதித்தாலும் தனித்தனியே பிரேக் விளக்கு எரிய வேண்டும். அதற்கு முந்தைய வண்டிகளுக்கு இரண்டில் ஒன்று வேலை செய்தாலே போதும். கை லீவரின் அடியில் இருக்கும் சிறிய சுவிட்சில் அழுக்கும் உப்பும் சேர்ந்து, லீவர் பாதி தூரம் வந்த பிறகே விளக்கு எரிவது பழைய வண்டிகளில் சாதாரணம். சுவர் ஓரமாக வண்டியை நிறுத்தி, ஒவ்வொரு பிரேக்கையும் தனித்தனியே பிடித்து, சுவரில் விழும் வெளிச்சத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

அடுத்தது கோன் செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங். சோதகர் முன்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெல்லத் திருப்பிப் பார்ப்பார். பிறகு முன்சக்கரத்தைத் தாங்கும் முன்போர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுப்பார். பல ஆண்டுகள் ஓடிய வண்டியில் ஹேண்டில்பார் நேராக வரும்போது ஓரிடத்தில் லேசாகச் சிக்கி நின்றால், பேரிங்கின் குண்டுகள் தாம் உருளும் வளையமான ரேஸில் பள்ளம் பதித்துவிட்டன என்று பொருள். இறுக்கிவிட்டால் ஆட்டம் போகுமே தவிர, சிக்கல் போகாது. கோன் செட்டை மாற்றுவதே வழி. அதே வேளையில் போர்க்கின் ஆயில் சீலில் விரலைத் தடவி எண்ணெய் ஒட்டுகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். ஸ்போக்ஸ் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்ட வேண்டும். இறுக்கமான கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது மந்தமாக ஒலிக்கும்.

பிரேக்கைப் பெரும்பாலும் உருளைகளின் மேல் சக்கரத்தை நிறுத்தி அளக்கிறார்கள். ஒரு பிரேக் குறைந்தது 30 விழுக்காடும் மற்றது 25 விழுக்காடும் திறன் காட்ட வேண்டும். நல்ல நிலையில் உள்ள வண்டிக்கு இது கடினமான இலக்கன்று. ஆனால், மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பின் டிரம் பிரேக்கை அட்ஜஸ்ட் செய்யாமல் கொண்டுபோவது வம்பு.

குறை சொல்லவும் இடமிருக்கிறது. டயர் பட்டனின் ஆழம் அகலத்தில் முக்கால் பங்குக்கு 1 மில்லிமீட்டர் இருந்தாலே போதும் என்பது மழை நாட்டுக்கு மிகத் தாராளமான விதி. பட்டன் நன்றாக இருந்து, ரப்பர் மட்டும் பத்தாண்டுப் பழமையில் இறுகிப்போயிருந்தால், வயதைக் காரணம் காட்டி அந்த டயரைத் தள்ளவும் முடியாது. சைலன்சரின் சத்தத்தைக் கருவி கொண்டு அளக்காமல் சோதகரின் காதுக்கே விட்டிருப்பதால், ஓரிடத்தில் தேறும் வண்டி இன்னோரிடத்தில் தேறாமல் போக வாய்ப்புண்டு. சாலைக்கு உரியதன்று என்று பொறித்த சைலன்சர் மட்டும் எங்கும் தேறாது.

சான்றிதழைவிட அதனுடன் வரும் அறிவுரைக் குறிப்புகளையே நான் மதிப்பானவையாகக் கருதுகிறேன். 2018 மே முதல் குறைகளை அபாயகரமானவை, பெரியவை, சிறியவை என்று வகுத்து எழுதுகிறார்கள். முதல் இரண்டு வகை இருந்தால் தோல்வி. இவற்றுக்கு வெளியே, செயின் ஸ்ப்ராக்கெட் தேயத் தொடங்கியிருக்கிறது என்பது போல எழுதும் அறிவுரை வரிகள், அடுத்த ஆண்டுச் செலவை முன்கூட்டியே சொல்லிவிடுகின்றன. இவையெல்லாம் அரசின் இணையப் பதிவில் ஓடிய மைலோடு சேர்ந்து நிற்கும். வண்டி எண்ணை இட்டால் யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். பழைய வண்டி வாங்கப் போகிறவருக்கு இதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது.

எங்கே போவது என்பதில் சற்று யோசிக்க வேண்டும். சில ஊர்களில் நகராட்சியே நடத்தும் சோதனை நிலையங்கள் பொதுமக்களின் வண்டியையும் பார்க்கின்றன. அங்கே பழுதுபார்க்கும் வேலை நடப்பதில்லை என்பதால், இல்லாத குறையைக் கண்டுபிடிக்க அவர்களுக்குத் தேவை இல்லை. பெரிய மோட்டார் சைக்கிளுக்கு இரண்டாம் வகுப்பு அனுமதி பெற்ற நிலையமாக இருக்க வேண்டும் என்பதைத் தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்வது நல்லது. சான்றிதழ் முடிவதற்கு ஒரு மாதத்துக்கு ஒரு நாள் குறைவாக இருக்கும்போதே சோதித்துக்கொண்டாலும் பழைய தேதி மாறுவதில்லை. பழுது ஏதேனும் வந்தால் உதிரிப் பாகம் வரவழைக்க அந்த இடைவெளி உதவும்.