சோல்பிடமா, குளோனசெபமா?

வேலூர் வெயிலில் ராத்திரி பதினொரு மணிக்கும் மொட்டை மாடி சுடும். தூக்கம் வராமல் வீட்டுப் பெரியவரின் மாத்திரையில் பாதியை வாங்கிப் போடுகிறவர்கள் உண்டு. அது குளோனசெபமா சோல்பிடமா என்றுகூடப் பார்ப்பதில்லை.

சோல்பிடம் தூக்கத்துக்கென்றே வந்தது. ரத்தத்தில் அதன் அளவு சுமார் இரண்டரை மணி நேரத்தில் பாதியாகும். குளோனசெபம் வலிப்புக்கும் பதற்ற நோய்க்குமான மருந்து. பாதியாக 30 முதல் 40 மணி நேரம். அதாவது விடிந்த பிறகும் மயக்கம் உடம்பில் மிச்சம் இருக்கலாம். விடியற்காலையில் ரயிலைப் பிடிக்கக் காட்பாடிக்கு பைக்கில் போகிறவருக்கு இது உயிர் விஷயம்.

அதற்காக சோல்பிடம் சாது இல்லை. தூக்கத்திலேயே எழுந்து நடப்பது, சமைப்பது, ஏன், வண்டியை எடுத்து ஓட்டுவது வரை நடந்திருக்கிறது. மறுநாள் நினைவே இருக்காது. 2019-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதற்காகவே கட்டமிட்ட எச்சரிக்கை (அவர்கள் தரும் எச்சரிக்கைகளில் ஆகக் கடுமையானது) போட்டது. பெண்கள் உடலில் மெதுவாகக் குறைவதால் 2013-இல் அவர்களுக்கான தொடக்க அளவை 5 மில்லிகிராம் ஆக்கினார்கள். போட்டால் ஏழெட்டு மணி நேரம் படுக்கைதான்.

பழக்கமாவதில் குளோனசெபத்தைக் கண்டால்தான் எனக்குப் பயம்: மாதக்கணக்கில் போட்டுவிட்டுத் திடீரென நிறுத்தினால் வலிப்பே வரலாம். சரக்கோடு சேர்ந்தால் இரண்டுமே மூச்சை அமுக்கும்.

சில நாளுக்கு, டாக்டர் சீட்டோடு என்றால் நான் சோல்பிடம் பக்கம். அது எச்1 பட்டியல் மருந்து, அதாவது சீட்டைப் பார்த்து, பதிவேட்டில் எழுதித்தான் விற்க வேண்டும். காந்தி ரோடு கடைக்காரர் பெயர் கேட்டுப் பதிவேட்டில் எழுதினால் கோபப்படாதீர்கள்.