ரூசியோன் மஞ்சள் காவித் தூள்: சுண்ணச் சுவருக்கு வாங்கலாமா?

தென் பிரான்சின் புரோவான்சு வட்டாரத்திலுள்ள ரூசியோன் ஊரைச் சூழ்ந்த பகுதியில் வெட்டியெடுக்கப்படும் மஞ்சள் காவித் தூளை இணையத்தில் வரவழைத்துச் சுண்ணச் சுவரிலும் நீர்வண்ணத்திலும் பயன்படுத்தி வருகிறேன். இதன் நிறையும் குறையும் அந்த மண் விளைந்த விதத்தோடு சேர்ந்தே வந்தவை.

மஞ்சள் நிறத்தைத் தருவது கோயெதைட்டு என்னும் இரும்பு ஆக்சைடு-ஹைட்ராக்சைடு கனிமம். டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியக் காலத்தில் அங்கே கடலடியில் படிந்த பச்சை மணலில் குளோகோனைட்டு என்ற இரும்புச் சத்துள்ள கனிமம் மிகுந்திருந்தது. கடல் விலகிய பின், வெப்பமண்டல மழைநீர் நெடுங்காலம் அம்மணலில் ஊறி இறங்கியபோது குளோகோனைட்டு சிதைந்து, அதிலிருந்த பொட்டாசியம் கரைந்து போக, விடுபட்ட இரும்பு ஆக்சிஜனோடும் நீரோடும் கூடிக் கோயெதைட்டாயிற்று. அலுமினியமும் சிலிக்காவும் கயோலின் களிமண்ணாகத் தங்கின. இம்மண்ணை நீரில் கரைத்து ஓடவிட்டால், கனமான குவார்ட்சு மணல் வழியிலேயே தங்கிவிட, நுண்ணிய காவி மட்டும் தொட்டிகளில் படிகிறது. எனக்கு வந்த தூளை விரல்களுக்கிடையே தேய்த்தபோது நெருநெருப்பு சிறிதும் இல்லை. அலசல் நன்றாகவே நடந்திருக்கிறது.

ஆலையில் செய்த இரும்பு மஞ்சளும், அதாவது பன்னாட்டு நிறமிப் பட்டியலில் நிறமி மஞ்சள் 42 என்று எண்ணிடப்பட்டதும், வேதியியல்படி கோயெதைட்டுதான். அதன் துகள்கள் ஒரே அளவிலான நுண் ஊசிகளாக இருப்பதாலும் களிமண் கலவாததாலும் நிறம் அடர்ந்து, அடிப்பரப்பை முற்றாக மூடிவிடும். அதே பட்டியலில் நிறமி மஞ்சள் 43 ஆகிய இந்த இயற்கைக் காவியில் கயோலினே பெரும்பங்கு என்பதால் நிறமேற்றும் வலிமை குறைவு. ஆனால் மெல்லிய பூச்சில் அடியிலுள்ள வெண்சுண்ணம் ஊடுருவித் தெரியும் இளக்கமான ஒளியை ஆலை மஞ்சளில் நான் கண்டதில்லை. சுண்ணாம்பின் காரம் இதைத் தாக்குவதில்லை, வெயிலில் வெளுப்பதுமில்லை.

இரும்புக் கரண்டியில் ஒரு சிட்டிகை தூளைச் சூடாக்கினேன். 250 முதல் 300 டிகிரி செல்சியசு அளவில் கோயெதைட்டு தன் நீரை இழந்து ஹேமடைட்டு என்னும் சிவப்பு இரும்பு ஆக்சைடாக மாறும். ஓரத்தில் தொடங்கிய செம்மை நடுவரை பரவியது. ஆகவே ஒரே பொட்டலத்திலிருந்து செங்காவியும் கிடைக்கிறது.

பொட்டலத்தில் துகள் அளவு அச்சிடப்படவில்லை. சுவரோவியருக்கு அது பெருங்குறை. எண்ணெய் வண்ணம் அரைப்போருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் களிமண் எண்ணெயை மிகுதியாக உறிஞ்சுகிறது. சுண்ணத்தில் கலப்போர் தூளை முதல் நாள் இரவே நீரில் ஊறவைத்துக் குழைவாக்கிக்கொண்டால் திட்டுத் திட்டாகப் படியாது.