சித்தியின் "கேஸ்ட்ரிக்"

தைப்பூசத்தையொட்டி ஒரு மாத லீவில் லண்டனிலிருந்து மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட் போயிருந்தேன். தோட்டத்தில் பால்மரம் சீவிய சித்தி பாதியாக இளைத்திருந்தார். "கேஸ்ட்ரிக்தான்யா, ரெண்டு வாய் சாப்பிட்டாலே வயிறு ரொம்பிடுது" என்றார். டவுனில் ஒரு தனியார் கிளினிக் இரண்டு வருஷமாக அதே வெள்ளை மருந்தைக் கொடுத்து அனுப்பியிருக்கிறது. 56 வயதில், எடையும் குறைந்துகொண்டே போகிறவரை வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்க்கும் ஸ்கோப்புக்கு ஒருமுறைகூட அனுப்பவில்லை. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

மறுநாளே அரசு கிளினிக்கில் 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டிப் பதிந்தோம். ரத்தம் குறைவு என்று தெரிந்ததும் டாக்டர் அவசரம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். அதோடு ஈப்போ நகரில் நிபுணரைப் பார்த்தோம். ஒரே வாரத்தில் ஸ்கோப். இரைப்பைச் சுவரில் பல இடங்களில் பரிசோதனைக்குச் சதை எடுத்தார்கள்.

முடிவு வந்தது: மால்ட் லிம்போமா. புற்றுநோய் என்றதும் சித்தி என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். டாக்டரம்மா அவசரப்படாமல் தமிழிலேயே விளக்கினார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் வருஷக்கணக்கில் தங்கினால், அதை எதிர்க்க வெள்ளணுக்கள் அங்கே வந்து குவியும். அவற்றில் ஒரு வகை நாளடைவில் கட்டுமீறிப் பெருகும். அதைத் தூண்டிவிடுவது கிருமிதான். ஆகவே முதலில் கிருமியை ஒழிக்க வேண்டும். சிடி ஸ்கேனில் நோய் இரைப்பையைத் தாண்டவில்லை. அந்தக் கட்டத்தில் நான்கில் மூன்று பேருக்கு இதுவே போதுமாம். மாத்திரைக்கு நோய் அடங்காவிட்டால் கதிர்வீச்சு. ஒரு குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தால் மாத்திரை அவ்வளவாக வேலை செய்யாது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

கிருமியைக் கொல்ல அமாக்சிசிலின், கிளாரித்ரோமைசின், கூடவே வயிற்று அமிலத்தைக் குறைக்க ஒமெப்ரசோல். காலையும் இரவும், 14 நாள். வாய் கசக்கிறது என்று சித்தி பசியாறவே மறுத்தார். ஆனால் ஒரு வேளை மாத்திரையைக்கூட விடவில்லை.

நான் லண்டன் திரும்பிய பிறகு, கிருமி போய்விட்டதா என்று பார்க்க மூச்சுப் பரிசோதனை செய்தார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஒமெப்ரசோலை நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். போனில் இதை நான் மூன்று தடவை சொன்னேன். கிருமி போய்விட்டது. மூன்றாம் மாத ஸ்கோப்பில் புண் சுருங்கியிருந்தது. ஆனால் அந்த அணுக்கள் கொஞ்சம் மிச்சம். முழுதாக மறைய ஒரு வருஷம்கூட ஆகலாம், பொறுத்துப் பார்ப்போம் என்றாராம் டாக்டரம்மா.

அடுத்த ஸ்கோப்புக்குக் கூட இருக்க டிக்கெட் எடுத்துவிட்டேன்.