கோட்டை மியூசியத்தில் டேனியல்கள் வரைந்த மதராஸ்

விடுமுறையில் சென்னைக்குப் போனால் மாலுக்கும் ஜவுளிக் கடைக்கும்தான் இழுக்கிறார்கள். ஒரு பகல் தப்பித்து, புனித ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தேன்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு முதலில் ஒன்று. தலைமைச் செயலகமும் கோட்டைக்குள்ளேயே இருப்பதால் வாசலில் போலீஸ் சோதனை உண்டு. அடையாள அட்டை வேண்டும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு கொடுப்பது) இருந்தால் நுழைவுக் கட்டணம் இந்தியர்களுக்கு உள்ளதுதான், சட்டமே அப்படி. ஆனால் இதே பயணத்தில் வேறோர் ஊரில் டிக்கெட் கொடுப்பவர் வெளிநாட்டுக் கட்டணம்தான் என்று அடம்பிடித்தார். போனில் இருந்த போட்டோவை அவர் பார்க்கக்கூட இல்லை. அட்டையை எடுத்து நீட்டியபிறகுதான் இறங்கிவந்தார். அசல் அட்டையையே கொண்டுபோங்கள்.

உள்ளே, கிழக்கிந்தியக் கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக இருந்த காரன்வாலிஸின் சிலையைத் தாண்டி ஓடாதீர்கள். பீடத்தில், அவரிடம் போரில் தோற்ற மைசூர் திப்பு சுல்தானின் இரண்டு மகன்களைப் பிணையாக ஒப்படைக்கும் காட்சி செதுக்கியிருக்கிறது. நடந்தது 1792-இல். அந்தப் போர் முடிந்த கையோடுதான் ஆங்கில ஓவியர் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் மதராஸிலிருந்து தெற்கே கிளம்பினார்கள். ராயக்கோட்டை, திருச்சி மலைக்கோட்டை, மதுரை, எங்கள் பாபநாசம் அருவிவரை வரைந்துகொண்டே போனார்கள். பிறகு லண்டனில் அவற்றைச் செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து, அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டி, 1795 முதல் 1808 வரை 144 படங்களாக வெளியிட்டார்கள். அவர்களுடைய அச்சுப்படங்கள் சில இங்கே இருக்கின்றன.

கடற்கரையிலிருந்து கோட்டையைக் காட்டும் 1797-ஆம் ஆண்டுப் படம் அந்த வரிசையில் எனக்கு மிகவும் பிடித்தது. வலப்பக்கம் தெரியும் பெரிய கட்டடம் அப்போது புதிதாகக் கட்டிய எக்ஸ்சேஞ்ச். இன்றைய அருங்காட்சியகம் அதே கட்டடம்தான்! வியாபாரிகள் கூடிய இடம். அப்போது துறைமுகம் கிடையாது. கப்பலில் வந்தவர்களை, ஆணியில்லாமல் கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலை தாண்டிக் கரைசேர்த்தன.

ஒரு குறை சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்லையும் மரத்தையும் அவ்வளவு பொறுமையாக வரைந்தவர்கள், நம் ஆட்களை மட்டும் கோபுரத்தின் உயரம் காட்ட வைத்த அளவுகோல் மாதிரி நிறுத்தியிருக்கிறார்கள். முகமே இல்லை. வேட்டி கட்டிய விதத்தையும் தலைச்சுமையையும் வைத்துத்தான் யார் என்று ஊகிக்கவேண்டும்.

புறநகர் ரயிலில் வந்தால் கோட்டை ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். வெள்ளிக்கிழமை விடுமுறை. பக்கத்திலேயே 1680-இல் திறந்த புனித மேரி தேவாலயம் இருக்கிறது, அதற்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.