எஞ்சின் மீது குறையில்லை, போல்ட்டுகள் மீது கோபம் தீரவில்லை

நான் வைத்திருக்கும் அதே அவுட்போர்டு மோட்டாரை (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) பழையதாக வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். குதிரைத்திறன், எடை, எரிபொருள் செலவு எல்லாம் அவருக்கே தெரியும் என்பதால், பல ஆண்டுகள் உப்புநீரில் ஓட்டி, அண்மையில் ஒரு பெரிய பழுதுபார்ப்பையும் முடித்த பிறகு என்னிடம் மிஞ்சியிருக்கும் ஒரே கோபத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

எஞ்சினைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. குளிர்ந்த நிலையிலும் தயங்காமல் கிளம்புகிறது. மெதுவாக ஓட்டும்போது அதிர்வே தெரிவதில்லை.

பழுதுபார்ப்பின்போது எஞ்சினின் நீர்க்கசிவைக் கண்டுபிடிப்பதும் கடினமாக இல்லை. குளிர்நீர் ஓட்டத்தை வெப்பத்துக்கேற்பக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடிக்குக் கீழே வெள்ளையாக உப்புக் கோடு படிந்திருந்தது. நீர் சொட்டும் இடமும் கசியும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதால், அந்தப் பகுதியை நன்றாகத் துடைத்து உலர்த்தி, சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவி, குழாய்நீர் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டேன். பொடி முதலில் நனைந்த இடம் மூடியின் கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்பு) விளிம்பு. கியர் ஆயில் நீர் கலந்து பால்போல வெளுத்திருந்தது வேறு கதை: கியர்பெட்டியில் கைப்பம்பால் சுமார் 10 பிஎஸ்ஐ காற்றழுத்தம் கொடுத்துச் சோப்புநீர் தடவியபோது, புரொப்பெல்லர் தண்டின் ஆயில் சீலில் குமிழி கிளம்பியது. தண்டைச் சுற்றியிருந்த தூண்டில் நரம்பு சீலின் உதட்டை அறுத்திருந்தது. அதற்கு மோட்டாரைப் பழிப்பது நியாயமாகாது.

ஆனால் அந்த மூடியின் போல்ட்டுகள்! அலுமினிய உடலில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை வைத்து, இடையில் உப்புநீரும் புகுந்தால், அரிக்கப்படுவது அலுமினியம்தான். அப்போது உண்டாகும் வெள்ளை ஆக்சைடு, அரிக்கப்பட்ட உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால் மரைகளுக்குள் இறுகிப் போல்ட்டைச் சிறைப்பிடித்துவிடுகிறது. ஊடுருவும் எண்ணெய்க்கும் அங்கே எளிதில் வழி கிடைப்பதில்லை. வெப்பம்தான் கைகொடுத்தது. ஒரு டிகிரி செல்சியசுக்கு அலுமினியம் மீட்டருக்குச் சுமார் 23 மைக்ரோமீட்டர் விரிய, இந்த எஃகு 17 அளவே விரிகிறது என்பதால், எரிபொருள் குழாய்களையும் தொட்டியையும் அகற்றிவிட்டு, போல்ட்டை விட்டு அதைச் சுற்றியுள்ள உடலைச் சூடாக்கி, முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்தினேன். அப்படியும் ஒன்று தலை முறிந்தது. எஞ்சிய துண்டின்மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்த பிறகே, அந்தச் சூட்டில் பிடி விட்டு, அலுமினிய மரையையும் சுரண்டிக்கொண்டு வெளியே வந்தது. துளையை அகலப்படுத்தி, புதிய மரையாக அமையும் கம்பிச்சுருளைப் பொருத்த வேண்டியதாயிற்று.

ஒவ்வொரு முறையும் நன்னீரால் கழுவியிருக்கிறேன். மோட்டாருக்குப் பதில் தான் அரிபடும் துத்தநாகத் துண்டான அனோடையும், பாதி தேய்ந்ததுமே மாற்றியிருக்கிறேன். நீருக்கடியில் இருக்கும் அந்த அனோடால், நீருக்கு மேலே உள்ள இந்தப் போல்ட்டுகளைக் காப்பாற்ற முடியாது. தொழிற்சாலையிலேயே மரையில் சிறிது கடல்நீர்க் கிரீஸைத் தடவியிருந்தால் இத்தனை பாடும் இருந்திருக்காது. கழற்றிய போல்ட் எதிலும் அதன் சுவடுகூட இல்லை. இவ்வளவு நேர்த்தியான எஞ்சினைச் செய்தவர்களுக்கு அந்த ஒரு துளியில் என்ன சிக்கனமோ!

ஆகவே நண்பருக்கு என் பதில், வாங்க வேண்டாம் என்பதே. என்னுடையதை விற்பேனா என்றால், அதுவும் மாட்டேன். பிடிவாதமாக வாங்குவதானால், தெர்மோஸ்டாட் மூடியின் போல்ட் ஒன்றையாவது தன் கண்ணெதிரே கால் சுற்றுத் தளர்த்திக் காட்டும்படி அவர் விற்பவரிடம் கேட்கட்டும். விற்பவர் தயங்கினால் விலை பேசாமலே திரும்பிவிடலாம்.